எட்டு வெள்ளிக்கு வாங்கிய ஸ்பானியச் சப்பாத்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் இங்கே சிங்கப்பூரில் ஒரு கடைத்தொகுதியின் அடித்தளத்தில் 60 வெள்ளி கொடுத்து என் சப்பாத்தை, அதாவது தோல் ஷூவை, கெடுத்துக்கொண்டு வந்தேன். பழுதுபார்க்கும் கடைதான். பெயரை எழுதப்போவதில்லை. ஏனென்றால், தவறு செய்த பையனுக்குத் தான் செய்தது தவறு என்பது இன்றுவரை தெரியாது. அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பதுதான் என் வழக்கு. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சப்பாத்து. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையை 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதியோடு மூடினார்கள் அல்லவா? அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு பிற்பகலில், கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். தரையில் விரித்த நீலத் தார்ப்பாயில், ஓடாத கைக்கடிகாரங்களுக்கும் இறக்கை இல்லாத மின்விசிறிக்கும் நடுவே அது கிடந்தது. மங்குஸ்தான் தோலின் நிறம். கயிறு கட்டாமல் காலை நுழைக்கும் வகை. கடைகளில் லோஃபர் என்பார்கள். மேலே குறுக்காக ஒரு தோல் பட்டை, பட்டையின் நடுவில் ஒரு கீறல். உள்ளே குதிகால் படும் இடத்தில் பொன் எழுத்துகள் பாதிக்கு மேல் அழிந்திருந்தன. நிறுவனத்தின் பெயர் போய்விட்டது. ‘இன்கா, மயோர்கா’ என்ற ஊர்ப் பெயரும், ‘எச்சோ ஆ மானோ’ என்ற மூன்று சொற்களும் மட்டும் மிச்சம். ஸ்பானிய மொழியில் ‘கையால் செய்தது’ என்று பொருள் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் மகள் பார்த்துச் சொன்னாள். கடைக்காரர் 12 வெள்ளி கேட்டார். நான் 8 வெள்ளிக்கு முடித்தேன். இதற்காக எனக்கு இன்றும் கொஞ்சம் வெட்கம் உண்டு. 12 கொடுத்திருக்கலாம்.

எழுத்தைப் படிக்கும் முன்பே அதன் தரம் எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்றால், ஒரு சப்பாத்து கைக்கு வந்ததும் என் அப்பா என்ன செய்வாரோ அதை என் கை தானாகச் செய்தது. முதலில் கவிழ்த்துப் பார்ப்பது. பிறகு உள்ளே இரண்டு விரலை விட்டு, பாதம் படும் இடத்தை ஓரமாகத் தடவிப் பார்ப்பது. விரலுக்குத் தையல் தட்டுப்பட்டால், அடித்தோலை மேலிருந்து கீழாக நேரே துளைத்துத் தைத்திருக்கிறார்கள் என்று பொருள். உள்ளே தையல் இல்லாமல், வெளியே விளிம்பைச் சுற்றி ஒரு தையல் ஓடினால் அது வேறு சாதிச் சப்பாத்து. மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் இடையே சுற்றி ஒரு தோல் நாடா இருக்கும். வெல்ட் என்பார்கள். மேல்தோலை அந்த நாடாவோடு ஒரு தையல், அடித்தோலை அதே நாடாவோடு இன்னொரு தையல். அடி தேய்ந்துபோனால் கீழ்த்தையலை மட்டும் பிரித்து வேறு தோல் வைத்துத் தைக்கலாம். மேலே உள்ளதற்கு ஒரு கீறலும் விழாது. ஒரு சப்பாத்துக்கு இப்படி மூன்று நான்கு ஆயுள் கொடுக்கலாம். அமெரிக்காவில் 1870களில் இந்தத் தையலுக்கு இயந்திரம் வந்தது; அதோடு சேர்ந்த பெயர் சார்லஸ் குட்இயர் ஜூனியர். ரப்பரைப் பதப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்த குட்இயரின் மகன் அவர். டயர் கம்பெனிக்குக் கிடைத்தது அப்பாவின் பெயர். சப்பாத்துத் தையலுக்குக் கிடைத்தது மகனின் பெயர்.

சப்பாத்தின் மேற்புறத் தையல்தான் என்னை அந்தத் தார்ப்பாய் முன்னால் குத்தவைத்து உட்காரவைத்தது. விரல்களுக்கு மேலே வரும் நடுத்தோல் சிறியது. பக்கவாட்டிலிருந்து எழுந்துவரும் தோல் பெரியது. பெரியதைச் சிறியதோடு இணைக்க வேண்டுமானால், நுனிக்கு வரும்போது சேலைக் கொசுவம் போலச் சுருக்கிச் சுருக்கித் தைக்க வேண்டும். மெழுகு தேய்த்த ஒரே நூல். அதன் இரண்டு முனையிலும் ஊசி. குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிரே புகுந்து வெளிவர வேண்டும். இழுக்கும் பலம் ஒரு தையலில் கூடிவிட்டால் அந்த இடத்தில் மூக்கு கோணிவிடும். வீட்டில் விளக்கடியில் வைத்து எண்ணினேன். இடது சப்பாத்தில் 54 தையல், வலதில் 55. மனிதன் தைத்தது என்பதற்கு அந்த ஒரு தையலை விட வேறு அத்தாட்சி வேண்டுமா?

என் மனைவிக்கு வேறு கவலை. “யார் காலில் கிடந்ததோ, அதைப் போய் வீட்டுக்குள் கொண்டு வருகிறீர்களே” என்றாள். அடுத்தவர் செருப்பைப் போட்டால் அவரைப் பிடித்த சனி நம்மைப் பிடிக்கும் என்பது அவள் பக்கத்து நம்பிக்கை. கோயில் வாசலில் செருப்புத் தொலைந்தால் நம் சனி ஒழிந்தது என்று மகிழ்ந்துகொள்வதும் அதே நம்பிக்கைதானே, அப்படியென்றால் யாரோ ஒருவர் தன் சனியை சுங்கை ரோட்டில் எட்டு வெள்ளிக்கு விற்றிருக்கிறார் என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு மாதம் அது வாசலுக்கு வெளியே செருப்புத் தட்டின் கீழ்வரிசையில்தான் இருந்தது.

கயிறு கட்டாத சப்பாத்து நமக்கென்றே செய்தது போன்றது. வீட்டு வாசலில் கழற்ற வேண்டும், உறவினர் வீட்டில் கழற்ற வேண்டும், கோயிலில் கழற்ற வேண்டும். தீபாவளி அன்று சிராங்கூன் சாலையில் நான்கு வீடும் இரண்டு கோயிலும் போய்வந்தால் பன்னிரண்டு முறை குனிய வேண்டியிருக்கும். 71 வயதில் குனிவது சாதாரண வேலை இல்லை. ஆனால் பாருங்கள், இந்த வடிவம் நம் போன்றவர்களை நினைத்து வந்ததில்லை. நார்வேயின் ஆவுர்லாண்டு வட்டாரத்துச் சப்பாத்தை ஒட்டி 1936இல் ஒரு அமெரிக்க நிறுவனம் செய்து விற்றது. அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. பட்டையில் உள்ள கீறலில் அமெரிக்க மாணவர்கள் ஒரு செண்ட் நாணயத்தைச் செருகி வைப்பார்களாம். ஸ்பெயினில் இதற்கு ‘காஸ்தெல்யானோ’ என்று பெயர். அந்தப் பட்டையை அவர்கள் முகமூடி என்கிறார்கள். கண்ணுக்கு மட்டும் துளை விட்ட முகமூடி. நினைத்துப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. என் பேரன் நம் ஒரு காசு நாணயத்தைச் செருக வேண்டும் என்று அடம்பிடித்தான். 2002லேயே அதை வெளியிடுவதை நிறுத்திவிட்டார்களே, எங்கே போவது? கடைசியில் மனைவியின் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் ஒன்று அகப்பட்டது. ஒன்றுதான். ஆகவே வலது சப்பாத்து மட்டும் பணக்காரச் சப்பாத்து.

இன்றைய சப்பாத்துகளைப் பற்றி ஒரு சொல். சென்ற ஆண்டு ஒரு திருமணத்தில் என் மைத்துனர் மகன், பெட்டியில் பத்திரமாக ஐந்தாண்டு வைத்திருந்த விலை உயர்ந்த சப்பாத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். பந்திக்குப் போகும் முன்பே இரண்டு அடிப்பாகமும் கழன்றுவிட்டன. சிவப்புக் கம்பளத்தில் மேடை வரை கறுப்புத் தூள், கேக் உதிர்ந்தது போல. பாலியூரித்தேன் என்ற பொருளில் செய்த அடி அது. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். போடாமல் பெட்டியில் வைத்தாலும் சிதையும். தோல் அடியிலும் பூஞ்சை பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விட்டு, ஒரு நாள் போட்டால் ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் போதும். பூஞ்சையைத் துடைக்கலாம். தூளானதைக் கூட்டி அள்ளத்தான் முடியும்.

2019இல் மகளும் மருமகனும் எங்களை ஸ்பெயினுக்கு அழைத்துப் போனார்கள். எல்லோரும் பார்சலோனாவில் தேவாலயம் பார்க்க, நான் இன்காவுக்குப் போயே ஆக வேண்டும் என்றேன். மயோர்கா ஒரு தீவு. தலைநகர் பால்மாவிலிருந்து இன்காவுக்கு ரயில். 1875இல் போட்ட தடம் அது; ஈசூனிலிருந்து மரினா பே போகும் நேரம்கூட ஆகவில்லை. நாங்கள் போனது வியாழக்கிழமை, சந்தை நாள். காலில் அதே மங்குஸ்தான் நிறச் சப்பாத்து. எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், சந்தையில் ஆலிவ் வாங்கிக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, தரையைச் சுட்டி, ஏதோ சொன்னார். ஊரைச் சொன்னாரா, தன் தொழிலைச் சொன்னாரா, எனக்கு விளங்கவில்லை. நான் அப்பாவின் நினைவில் குத்தூசி பிடிப்பது போலக் கையைக் காட்டினேன். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். எங்கள் உரையாடல் அவ்வளவுதான்.

அந்த ஊரில் பழைய இராணுவக் குடியிருப்பு ஒன்றில் சப்பாத்துத் தொழிலுக்கென்றே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். மரத்தில் செய்த பாத வடிவக் கட்டைகள், தையல் இயந்திரங்கள். அங்கே நின்றபோது கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த உளியும் குத்தூசியும் சுத்தியலும் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டியில் கிடந்தவைதாம். 1877இல் அந்தோனி ஃபுளுஷா என்ற கைவினைஞர் இன்காவிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய், இயந்திரத்தால் சப்பாத்து செய்யும் முறையைப் பார்த்துவந்து, ஊர்க் கைவினைஞர்களைக் கூட்டிப் பட்டறை தொடங்கினார். 1890களில் தீவின் திராட்சைத் தோட்டங்களை ஃபிலோக்செரா என்ற பூச்சி அழித்தது. நிலத்தை நம்பியிருந்த கைகள் தோலுக்கு வந்தன. 1898இல் கியூபா ஸ்பெயினின் கையைவிட்டுப் போனபோது சந்தை போயிற்று. அப்போதும் தொழில் சாகவில்லை. அதே ஃபுளுஷா குடும்பத்தில் வந்தவர்தான் 1975இல் கேம்பர் நிறுவனத்தைத் தொடங்கியவர். கேம்பர் என்றால் அவர்கள் மொழியில் குடியானவன். முதலில் செய்த சப்பாத்து, மயோர்கா விவசாயிகள் பழைய டயரையும் துணியையும் தோல் துண்டுகளையும் வைத்துச் செய்துகொண்ட சப்பாத்தைப் பார்த்துச் செய்தது. பக்கத்துத் தீவான மெனோர்காவிலும் டயர் அடி வைத்த ‘அபார்கா’ செருப்பை இன்றும் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

டயர் என்றதும், சீனாவிலிருந்து வந்து இங்கே கட்டுமான வேலை செய்த நம் சம்சூய் மாதர்கள்தாம் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். சிவப்புத் தலைத்துணியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அவர்கள் காலில் கிடந்த, பழைய டயரில் வெட்டிய செருப்பை யார் நினைக்கிறார்கள்?

ஸ்பெயினில் இந்த ஒரு தீவுதான் என்றில்லை. அலிகாந்தே பக்கம் எல்தாவும் எல்ச்சேயும், உள்ளே தள்ளி அல்மன்சாவும் சப்பாத்து ஊர்கள்தாம். தோலுக்கு இன்னும் பழைய கதை இருக்கிறது. அராபியர் காலத்தில் கோர்தோபா நகரத்து ஆட்டுத்தோல் ஐரோப்பா முழுவதும் பேர்பெற்றிருந்தது. அந்த ஊர்ப் பெயரிலிருந்துதான் ஆங்கிலத்தில் சப்பாத்து செய்பவருக்கே ‘கார்ட்வெய்னர்’ என்ற பெயர் வந்தது. லண்டனில் அவர்களுடைய சங்கம் இன்றும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. நாமும் சளைத்தவர்கள் இல்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட நம் தோல் சென்னைத் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போயிருக்கிறது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்றுவரை தோலில்தான் பிழைக்கின்றன. அப்பா ஒரு தோலை முகர்ந்து பார்த்தே ஆவாரம்பட்டையா, ரசாயனமா என்று சொல்லிவிடுவார்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். நான் ஏன் காலணி என்று எழுதாமல் சப்பாத்து என்றே எழுதுகிறேன் என்று உங்கள் பிழைதிருத்துநர் நினைக்கக்கூடும். தயவுசெய்து மாற்ற வேண்டாம். என் தலைமுறை இங்கே அப்படித்தான் சொன்னது. மலேசியாவிலும் இலங்கையிலும் இன்னும் சொல்கிறார்கள். போர்த்துக்கீசியர் வழியாகக் கப்பலேறி வந்த சொல் அது. இந்தோனேசியரின் ‘செபாத்து’வும் அதே கப்பலில் வந்ததுதான். ஸ்பானிய மொழியில் ‘சப்பாத்தோ’. மயோர்காக்காரர் மொழியில் ‘சபாத்தா’. இன்காவில் ஒரு கடைப் பலகையில் இதை எழுத்துக்கூட்டிப் படித்தபோது, ஐரோப்பாவின் ஒரு மூலையில் என் அப்பாவின் குரல் கேட்டது போல இருந்தது.

அந்தச் சொல்லில் இன்னொரு சேதியும் இருக்கிறது. 2004 முதல் 2011 வரை ஸ்பெயினின் பிரதமராக இருந்தவர் பெயர் ஹொசே லூயிஸ் ரொத்ரிகேஸ் சப்பாத்தேரோ. சப்பாத்தேரோ என்றால் சப்பாத்து செய்பவர். அவர் சப்பாத்து செய்தவர் இல்லை. வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளை. ரொத்ரிகேஸ் அப்பா வழிப் பெயர், சப்பாத்தேரோ அம்மா வழிப் பெயர். இரண்டில் மக்கள் அழைத்தது எதை? சப்பாத்தேரோவை. சப்பாத்துக்காரர் என்று அழைக்கப்பட்ட ஒருவர் இரண்டு தேர்தலில் வென்று நாட்டை ஆண்டிருக்கிறார். நம் மொழியிலும் ‘செம்மான்’ என்ற பழைய சொல் இருக்கிறது. அதை யாராவது தன் பெயரோடு சேர்த்து, தேர்தல் வேண்டாம், ஒரு திருமண அழைப்பிதழில் அச்சடிப்பார்களா? நமக்குக் கோபம் வந்தால் வாயில் முதலில் வருவதே செருப்புத்தான்.

அடுத்தவர்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. என் அப்பா 1950களின் தொடக்கத்தில் திண்டுக்கல் பக்கத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். ஊரில் தோல் வேலை செய்தவர்களுக்கு எந்தத் தெரு, எந்தக் கிணறு என்பதெல்லாம் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதிலிருந்து தப்பித்து வந்தவர், இங்கேயும் அதே தொழிலைத்தான் செய்தார். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் அஞ்சடியில், அதாவது கடைவீட்டின் முன்னால் உள்ள கூரையிட்ட நடைபாதையில், உட்கார்ந்திருப்பார். முன்னால், சப்பாத்தைக் கவிழ்த்து மாட்டித் தட்டும் மூன்று கால் இரும்புக் கட்டை. பக்கத்தில் தோலை ஊறவைக்கும் தண்ணீர்ச் சட்டி, ஊறிய தோலை வைத்துத் தட்ட ஒரு கல். பிரிட்டிஷ் அதிகாரிகளின் வீட்டு வேலையாட்கள் சிலேத்தாரிலிருந்து மூட்டையாகக் கட்டிச் சப்பாத்துகளைக் கொண்டுவருவார்கள். வெல்ட் தையலை அப்பா கற்றது அந்த வெள்ளைக்காரச் சப்பாத்துகளைப் பிரித்துப் பிரித்துத்தான். ஆசான் யாரும் இல்லை. 1971இல் பிரிட்டிஷ் படை கிளம்பிப் போனதும் வருமானம் பாதியானது.

பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் நான் ‘வியாபாரம்’ என்று எழுதினேன். ஒரு முறை இல்லை, ஒவ்வோர் ஆண்டும். பள்ளி விட்டு வரும்போது நண்பர்கள் உடன் இருந்தால் அப்பா இருக்கும் சந்துப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போவேன். பெண் பார்க்கப் போனபோது என் மாமா ‘தோல் வியாபாரம்’ என்று ஒரு சொல்லைக் கூட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு பால் குடித்தேன். நான் சுற்றிப் போவதை அப்பா பார்த்திருக்கிறார். எனக்கு இது அவர் போய்ப் பல ஆண்டுகள் கழித்து அம்மா சொல்லித் தெரிந்தது. எனக்குப் பதினாறு வயதில், “இரண்டு மாதம் பக்கத்தில் உட்கார், தையல் மட்டும் கற்றுக்கொள்” என்றார். பரீட்சை என்றேன். கப்பல் நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 38 ஆண்டு பிறர் சரக்குக்குக் காகிதம் எழுதினேன்.

இனி அந்த 60 வெள்ளி. ஏழெட்டு ஆண்டு போட்டதில் வலது அடித்தோலில் ஐம்பது காசு அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. மழை நாளில் காலுறை நனைந்தது. கடைத்தொகுதியில் இருந்த பையன் நல்ல பையன், ‘அங்கிள்’ என்றுதான் பேசினான். நான்கு நாள் கழித்துக் கொடுத்தபோது, ஓட்டை விழுந்த தோலைக் கழற்றாமல், அதன் மேலேயே கறுப்பு ரப்பர்த் தகட்டை ஒட்டியிருந்தான். விளிம்பு சமமாக வருவதற்காக இயந்திரத்தில் வைத்துச் சுற்றிச் சீவியிருந்தான். அந்தச் சீவலில் வெல்ட் பாதி போய்விட்டது. தையல் அறுந்து நூல் முனைகள் மீசை போல நின்றன. “இது தைத்த சப்பாத்து, தம்பி” என்றேன். “எல்லாமே ஒட்டுவதுதானே அங்கிள்” என்றான். அவன் பார்த்ததெல்லாம் ஒட்டியவைதாம். அவனை நான் எப்படிக் கோபிப்பது? தையலைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவன் பதினாறு வயதில் பரீட்சைக்குப் போய்விட்டான்.

பிறகு சைனாடவுன் பக்கம் நடைபாதையில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் ஒரு சீனப் பெரியவரிடம் போனேன். என்னைவிட மூத்தவர். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது. இருவருக்கும் சந்தை மலாய் தெரியும். சப்பாத்தை வாங்கியதும் கவிழ்த்தார். பிறகு உள்ளே இரண்டு விரலை விட்டுத் தடவினார். நான் பக்கத்தில் இருந்த குட்டை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். “இனி ஓராங் தாவு கெர்ஜா” என்றார். இதைச் செய்த ஆளுக்கு வேலை தெரியும் என்று பொருள்.

என் கண் முன்னால்தான் பிரித்தார். ரப்பர் போயிற்று, பழைய தோல் போயிற்று. அடியில் தக்கை இருந்தது. வெல்ட் நாடாவுக்கு உள்ளே ஏற்படும் பள்ளத்தைத் தக்கைத் தூளைப் பசையோடு குழைத்து நிரப்புவார்கள். போடப் போட அது போடுபவரின் பாதத்துக்கு ஏற்ப அழுந்திக்கொள்ளும். ஸ்பெயின் தக்கை விளையும் நாடு, அவர்களுக்கு அது பஞ்சமில்லை. பெரியவர் அதைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். பெருவிரல் இருக்கும் இடத்தில் இரண்டு குழி. ஒன்று ஆழமாக, நேராக. அதன் ஓரத்தை மிதித்துக்கொண்டு இன்னொன்று, ஆழம் குறைவாக, சற்று உள்பக்கம் சாய்ந்து. என் வலது பெருவிரல் அப்படித்தான் சாய்ந்திருக்கும். ஆழமான குழி எனக்கு முன்னால் போட்டவருடையது. அவர் யார், ஸ்பானியரா, நம் ஊர்க்காரரா, எப்படி அது சுங்கை ரோட்டுக்கு வந்தது, எதுவும் தெரியாது. எடை கூடியவர், நிமிர்ந்து நடந்தவர் என்பது மட்டும் தெரிகிறது. பெரியவர் தக்கையை மாற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன்.

சீவிய வெல்ட்டில் ஒரு சாண் நீளத்துக்குப் புதுத் தோலைக் கையால் தைத்துச் சேர்த்தார். அடித்தோல் துண்டு ஒன்று அவர் இழுப்பறையில் மிச்சம் இருந்தது. அது எந்த ஆண்டு வாங்கியது என்று அவருக்கே நினைவில்லை. 110 வெள்ளி வாங்கினார். நான் இந்த முறை பேரம் பேசவில்லை. மூன்று முறை போய்வந்ததில், அவர் பக்கத்தில் கற்றுக்கொள்ள ஒருவரும் உட்கார்ந்திருக்கப் பார்க்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நம் உணவங்காடிக் கலாசாரத்தை 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள், மகிழ்ந்தோம். சீன, மலாய் மரபுகள் கலந்த பெரானாக்கான் மக்களின் மணி வேலைச் செருப்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிறோம்; அதுவும் சரி. அஞ்சடியில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் சப்பாத்து தைத்தவர்கள், தமிழரும் சீனரும், இந்தக் கணக்கில் எங்கே வருகிறார்கள்? மிஞ்சியிருக்கும் சிலரை உங்கள் செய்தியாளர் ஒருவர் புகைப்படக்காரரோடு போய்ப் பார்க்க வேண்டும். ஒரு வேலை நாள் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து, கை என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். பாவம், தள்ளாத வயதில் உழைக்கிறார் என்ற பாணியில் எழுத வேண்டாம். அதை நிறையப் படித்தாகிவிட்டது. திறன் பயிற்சிக்கு அரசாங்கம் கொடுக்கும் தொகையில் மூத்தோர் கேக் செய்யவும் கைப்பேசியில் படம் எடுக்கவும் கற்கிறோம். சப்பாத்தைப் பிரித்துத் தைக்க ஒரு வகுப்பு வைத்தால் முதல் பெயர் நான் கொடுக்கிறேன். இரண்டாவது பெயராக அந்தக் கடைத்தொகுதிப் பையனைச் சேர்த்துவிட முடியுமா என்று பார்க்கிறேன்.

இன்னொன்று. அப்பாவின் மூன்று கால் இரும்புக் கட்டை எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. காற்றில் சமையலறைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க இருபது ஆண்டாக அதைத்தான் முட்டுக் கொடுத்து வைத்திருந்தோம். சென்ற வாரம் எடுத்துத் துரு போகத் தேய்த்து எண்ணெய் பூசினேன். ஒரு காலின் நுனியில் சுத்தியல் பட்டுப் பட்டு விழுந்த பள்ளம் கட்டைவிரல் அளவுக்கு இருக்கிறது. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் ஏற்றுக்கொள்ளுமானால் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். வாசகர்களில் யார் வீட்டிலாவது இப்படி உளியோ குத்தூசியோ கட்டிலுக்கு அடியில் கிடந்தால், அவர்களும் சேர்ந்தால் ஒரு பெட்டி நிறையும். எனக்கு எழுதச் சொல்லுங்கள். பெயர், முகவரி, தொலைபேசி எண் தனித்தாளில் உங்கள் பார்வைக்கு.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்டுவதாக இருந்தால் சனி பற்றிய பகுதியை வெட்டுங்கள். மனைவி இன்னும் அதை மன்னிக்கவில்லை. அச்சில் என் பெயர் வேண்டாம், கீழே உள்ளபடியே போடவும்.

இப்படிக்கு,
சப்பாத்துக்காரர் மகன்,
அங் மோ கியோ.